கோடையில் அரபு நாட்டுக்குப் போகலாமா?

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை. இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு அரபு நாட்டுச் சம்பளத்தில் அடுப்பு எரியும் வீடுகள் இருக்கின்றன. "எங்க வீட்டுக்காரர் துபாயில இருக்காங்க", "மூத்தவன் குவைத்துல இருக்கான்" என்று சொல்லாத தாய்மார்கள் குறைவு.

பங்குனி கழிந்து சித்திரை பிறந்துவிட்டால் இந்த வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். பள்ளிக்கூடம் அடைக்கப் போகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் இருக்கும் ஊருக்கு ஒரு தடவை போய் வந்தால் என்ன?

உடனே வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே விழுவார்கள். "இந்த வெயிலிலா? அங்கே நெருப்பல்லவா கொட்டும்! இன்னும் ஒரு மாதத்தில் இங்கே சாரல் விழப் போகிறது. குற்றாலத்தை விட்டுப் பாலைவனத்துக்குப் போவாளா ஒருத்தி?"

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயமும் அவர்கள் பக்கம் இல்லை என்பதே நம் கருத்து.

வெயில் கடுமையானதுதான். குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி 53.9 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. நம் பழைய கணக்கில் 129 டிகிரி! உலகத்திலேயே இதுவரை பதிவான மிகப் பெரிய வெப்ப அளவுகளில் அது ஒன்று. துபாயிலும் அபுதாபியிலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரிக்கு மேலே போவது சாதாரணம். பாலைவனம் பகலில் கொதிக்கும், இரவில் குளிரும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். கடலோரத்து அரபு நகரங்களில் அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். நள்ளிரவிலும் காற்றில் ஈரம் நிறைந்து, சட்டை முதுகோடு ஒட்டும்.

அதனால்தான் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் அங்கே கார்த்திகை, மார்கழியில் குவிகிறார்கள். மே மாதத்துக்குப் பிறகு கூட்டம் கலைந்து விடும். அப்போது அங்கே என்ன நடக்கிறது என்பதைக் குற்றாலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அருவியில் தண்ணீர் வற்றிய மாசி, பங்குனியை நினைத்துப் பாருங்கள். பேரருவியில் வெறும் பாறை தெரியும். பாதிக் கடைகளுக்குப் பூட்டு. ஆடி மாதத்தில் "அறை இல்லை, போங்கள்" என்று முகத்தைத் திருப்பிய விடுதிக்காரர், இப்போது ரோட்டில் நின்று "வாங்க, வாங்க" என்று கை காட்டுவார். துபாயிலும் அதேதான். அறை வாடகை இறங்கும். ஆள் வரவேண்டும் என்பதற்காகவே 1998-ம் ஆண்டு முதல் கோடை விற்பனை விழா ஒன்றும் நடத்துகிறார்கள்.

இந்த வாடகை விஷயம் அற்பமானதல்ல. தொழிலாளர் முகாமில் பல பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். அங்கே மனைவி மக்களைத் தங்க வைக்க முடியாது. வெளியே அறை எடுக்க வேண்டும். மார்கழியில் அந்த வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். குளிர்காலச் சீசனில் மேஸ்திரிக்கும் கடைப் பையனுக்கும் எட்டாத அறை, கோடையில் ஓரளவு எட்டும். பணக்காரன் ஒதுங்கிக் கொள்ளும் நேரத்தில்தான் ஏழைக்குக் கதவு திறக்கிறது.

இன்னொரு செய்தி. அந்தப் பாலைவன வெயிலுக்கும் நம் சாரலுக்கும் உறவு உண்டு! சித்திரை, வைகாசியில் அரேபியாவும், சிந்துவும், ராஜஸ்தானமும் அடுப்பில் வைத்த சட்டி போலக் காய்கின்றன. சூடேறிய காற்று மேலே கிளம்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக் காற்று பாய்ந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழை கிளம்ப இது ஒரு முக்கிய காரணம். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தை நனைக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தப்பி வரும் பங்குதான் செங்கோட்டையிலும் தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலாக விழுகிறது. அங்கே அவர் காய்ந்தால்தான் இங்கே நீங்கள் குளிக்கலாம்.

அரபு நாட்டிலும் ஒரு குற்றாலம் உண்டு. ஓமன் நாட்டின் தெற்கே சலாலா என்ற ஊர். அதே பருவக்காற்று உரசிச் செல்வதால், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மலையெல்லாம் பச்சை. மூடுபனி, தூறல், வழிநெடுக இளநீர்க் கடை, வாழைப்பழக் கடை. நாலா பக்கத்து அரபு மக்களும் அந்தத் தூறலில் நனைய அங்கே ஓடுகிறார்கள். ஓமனில் வேலை செய்யும் நம்மவர்கள் ஒருமுறை பார்த்து வரவேண்டிய இடம்.

சரி, யார் போகலாம்? கைக்குழந்தைக்காரிகள், நிறைமாத கர்ப்பிணிகள், இருதய நோய் உள்ள முதியவர்கள் கோடையில் போக வேண்டாம். மற்றவர்கள் மே மாதத்திலேயே போய், பள்ளிக்கூடம் திறக்குமுன் திரும்பி விடுவது நல்லது. ஜூன் பிறந்துவிட்டால் வெயில் இன்னும் ஏறும். திருவனந்தபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் துபாய்க்கு விமானம் இருக்கிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் காசு மிச்சம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத் தவணை பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். விசாத் தேதியைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் அபராதம் விழும்.

அங்கே காலை எட்டு மணிக்குள் வெளியே போய் வாருங்கள். பிறகு அறைக்குள்ளே இருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். பகலில் பார்க்கக் குளிர்சாதனம் செய்த இடங்கள் எத்தனையோ. 2009-ல் தொடங்கிய மெட்ரோ ரயிலில் ஏறி உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. அபுதாபியில் ஷேக் சாயித் பெரிய மசூதிக்குள் எல்லா மதத்தாரும் போகலாம். 2024 பிப்ரவரியில் திறந்த கல் கோவிலும் அங்கே இருக்கிறது. கோடை பிறந்தால் பேரீச்சை பழுக்கத் தொடங்கும். நமக்கு மாம்பழம் போல அவர்களுக்கு அது. லிவா பாலைவனச் சோலையில் ஜூலையில் பேரீச்சம்பழத் திருவிழாவே நடக்கும்.

பெட்டி கட்டும் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. குருமாவுக்கென்று கசகசாப் பொட்டலத்தை வைத்து விடாதீர்கள்! ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். கையோடு பிடித்து உள்ளே வைத்து விடுவார்கள். இருமல் மருந்து, வலி மாத்திரைகளிலும் சில வகைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் கொண்டு போகாதீர்கள்.

கோடையில் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாயிருக்கிறது.

ஊருக்கு லீவில் வரும் தகப்பனாரைத்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் வரும்போது சென்ட் மணக்கும். பெட்டியில் சாக்லேட் இருக்கும். ஐந்தருவிக்குக் காரில் கூட்டிப் போவார். கேட்டதை வாங்கித் தருவார். அந்தக் காசு எங்கே, எப்படி வருகிறது என்பதை அவர் சொல்வதில்லை. ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது. கத்தாரிலும் குவைத்திலும் ஜூன் முதல் தேதியிலிருந்தே இதுபோன்ற தடை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் மே மாதத்து வெயிலுக்கு அந்தத் தேதி தெரியுமா? மே மாதத்திலேயே தடையைத் தொடங்க வேண்டும் என்போம் நாம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒருநாள் தகப்பனாரின் வேலைத்தலத்து வேலி ஓரம் போய் நிற்கட்டும். கால் மணி நேரம் போதும். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் வெளியே வரும்போது, கையில் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரை அவன் கொடுக்கட்டும். அப்பா என்றாலும் வாப்பா என்றாலும், அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிக்கிற மனிதர் அன்று சீக்கிரம் அறைக்கு வந்து விடுவார். சீசன் இல்லாத ஊரில் கூட்டமில்லாத கடற்கரை இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் நாலு பேரும் அங்கே நடந்து போகலாம்.