வீட்டு ஜாடியும் கலால் சட்டமும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெங்களூரில் பல வீடுகளில் பரண்மேல் இருக்கும் பீங்கான் ஜாடி கீழே இறங்கும். சிலர் சிக்கபள்ளாபுரம் பக்கத்து 'பெங்களூர் புளூ' திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் புளிக்க வைப்பார்கள். வேறு சிலர் அந்த வம்பே வேண்டாமென்று, கடையில் வாங்கிய பிராந்தியிலோ ரம்மிலோ ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பட்டை போட்டுச் சில வாரம் ஊற வைத்து, வடிகட்டிச் சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். 'லிக்யூர்' என்னும் இனிப்பு மது இதுதான்.

வரி கட்டி வாங்கிய பாட்டிலில் ஆரஞ்சுத் தோல் போட்டால் என்ன குற்றம்? நியாயமான கேள்விதான். ஆனால் 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டத்தில் 'தயாரிப்பு' என்ற சொல்லின் பொருள் காய்ச்சுவதோடு நிற்கவில்லை. மதுவுக்கு மணமூட்டுவது, கலப்பது, நிறமேற்றுவது எல்லாமே அதில் அடக்கம். தயாரிப்புக்கு லைசென்ஸ் வேண்டும். கலப்படக்காரனைப் பிடிக்கப் போட்ட வலை இது. எழுத்துப்படி பார்த்தால் பாட்டியின் ஜாடியும் அதில் சிக்கும். பங்களா வீட்டு ஜாடியை யாரும் தேடிப் போகப்போவதில்லை. வாடகை வீட்டுத் தொழிலாளிக்கு அந்தச் சலுகை கிடைக்குமா என்பது சந்தேகமே. பக்கத்து வீட்டாரிடம் ஒரு பாட்டிலுக்குக் காசு வாங்கிவிட்டாலோ, பேச்சுக்கே இடமில்லை.

ஆபத்து எங்கே?

பழமும் பாகும் ஆளைக் கொல்லாது. பிராந்தி விலைக்குப் பயந்து, பெயிண்ட் கடையிலோ பட்டறையிலோ கிடைக்கும் 'ஸ்பிரிட்'டை ஊற்றுவதுதான் எமன். அதில் மெத்தனால் இருந்தால் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. இஞ்சியும் கிராம்பும் இருக்கிற வாடையையும் மறைத்துவிடும். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைப் பறிக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே கண் மங்கும். 'போதை தெளியட்டும்' என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது தெரிந்ததே.

அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் பெஞ்ச், தொழிற்சாலை ஆல்கஹாலும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. டிரம் டிரம்மாகப் போகும் ஸ்பிரிட்டின் கணக்கைக் கேட்டால், 'அது டில்லி சமாச்சாரம்' என்று மாநில அதிகாரிகள் இனிக் கைவிரிக்க முடியாது.