செம்மதிலும் சூளைக் கரியும்

பண்டை வேந்தர் எடுத்த மதில்களுட் பல இன்றும் காணப்படுகின்றன. அவற்றை எடுத்தவர் யாவர் என்று அறிதலோ எளிதன்று. ஈரான் நாட்டின் வடபகுதியில், காஸ்பியன் கடலின் தென்கிழக்குக் கரை தொட்டு மலையடிவாரம் வரை, ஏறத்தாழ 195 கிலோமீட்டர் நீளும் கோர்கான் பெருமதில் அத்தகையது. அதன் மேற்குக் கோடி இப்பொழுது கடலுள் மூழ்கிக் கிடக்கின்றது. செங்கல்லின் நிறம் பற்றி அதனைச் 'சிவப்புப் பாம்பு' என்றும் கூறுவர்.

மக்கள் அதனை 'சிக்கந்தரின் அணை' என வழங்கினர். அலெக்சாந்தர் எடுத்த மதில் என்பது கதை. புலவனாகிய யான் கதைகளை இகழ்பவன் அல்லேன். ஆயினும், எடுத்தவன் பெயரை மறைத்துப் புகழ்பெற்றான் ஒருவன் பெயரைச் சூட்டும் கதையை எங்ஙனம் ஏற்பது?

2005ஆம் ஆண்டு முதல் ஈரானிய அறிஞரும் பிரித்தானிய அறிஞரும் கூடி அங்கே அகழ்ந்தாராய்ந்தனர். மதிலை ஒட்டி வரிசையாகச் செங்கற் சூளைகள் இருந்தமை புலப்பட்டது. அவற்றின் தொகை ஆயிரக்கணக்கில் இருத்தல் கூடும் என்பர். அவற்றுள் எஞ்சிய கரியையும் சுடுமண்ணையும் ஆராய்ந்தபோது, மதில் கி.பி. 5ஆம் நூற்றாண்டிலோ அதனை அடுத்தோ எழுந்தது என்பது தெளிவாயிற்று. அலெக்சாந்தர் இறந்ததோ கி.மு. 323இல்! எடுத்தவர் சாசானிய வேந்தரே. வடபுலத்துப் புல்வெளியினின்று வந்த வெள்ளை ஊணர் அவர்தம் கொடும்பகைவர்; அவரோடு பொருதே பேரோஸ் மன்னன் கி.பி. 484இல் களத்திற் பட்டான்.

மாணவர்காள், அத்தொழிலின் பெருமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு செங்கல்லும் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் சதுரமும் 10 சென்டிமீட்டர் கனமும் உடையது. மண் பிசைந்து கல் அறுக்க நீர் வேண்டும். சூளைக்கு விறகு வேண்டும். நீரைக் கொணரக் கால்வாய் வெட்டினர். அதுவே மதிலின் வடபுறத்தில் அகழியாகவும் நின்றது. 30க்கு மேற்பட்ட கோட்டைகளில் காவற்படைகள் தங்கின.

பிற்காலத்தார் அம்மதிலின் செங்கற்களைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டனர். குடியிருக்க இடம் தேடியவரை யான் பழியேன். ஆனால் கோட்டைகளை மட்டும் பேணினாற் போதும் என்பாரோடு யான் உடன்படேன். காலத்தை உரைத்தவற்றுள் தலையாயது சூளையின் கரி அன்றோ? அச்சூளைகளோ அழகற்ற குழிகளாய் விளைநிலங்களின் கீழ்ப் புதைந்து கிடக்கின்றன. கலப்பை ஆழ உழுது அவற்றைக் கலைக்குமுன், அவற்றுக்கும் எல்லை குறித்துக் காவல் இடுதல் வேண்டும்.