பூனை வயிற்றில் கட்டி: கைவிடும் முன் கவனியுங்கள்

தானிய மூட்டை உள்ள இடத்துக்கு எலி வரும். எலி வரும் இடத்தில் பூனை வேண்டும். யானைக்கவுனிப் பக்கத்துக் கிடங்கானாலும் கிராமத்துக் குதிரானாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் பத்து ஆண்டு நெல்லைக் காத்த பூனையின் வயிற்றில் ஒருநாள் கட்டி தட்டுப்பட்டால், "புற்று வந்துவிட்டது, இனித் தேறாது" என்று சோறு வைப்பதைக்கூட நிறுத்திவிடுவோர் உண்டு. இது அவசர முடிவு.

வயிறு பருத்ததெல்லாம் கட்டியல்ல. குடலில் இறுகிய மலம், நிறைந்த சிறுநீர்ப்பை, சினை, கருப்பையில் சீழ் ஆகிய எல்லாமே கைக்குக் கட்டிபோலத் தெரியும். மெலிந்த கிழப் பூனைக்குச் சிறுநீரகமே உருண்டையாகத் தட்டுப்படும். கடுவன் பூனை சிறுநீர் வராமல் முக்கினால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

உண்மையான கட்டியிலும் இருவகை உண்டு. பூனையின் குடலில் அதிகம் வருவது நிணநீர்ப் புற்றுதான், இதை மறைப்பதற்கில்லை. ஆனால் வயதான பூனைகளின் கல்லீரலில், பித்தக் குழாயிலிருந்து நீர்க்கொப்புளங்கள் சேர்ந்தாற்போல ஒரு கட்டி வளர்வதுண்டு. இது பெரும்பாலும் தீங்கற்றது. நெடுநாள் வெளியே தெரியாமல் இருந்து, பெரிதாகி இரைப்பையை அழுத்தும்போதுதான் வாந்தியும் பசியின்மையும் தோன்றும். கல்லீரலின் ஒரு மடலோடு நின்றிருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். பூனை பிறகு நன்றாகவே வாழும். கொழுப்புக் கட்டி, கருப்பைத் தசைக் கட்டி போன்றவையும் தீங்கற்ற வகைகளே.

எது எந்த வகை என்று கை சொல்லாது. அனுபவமுள்ள மருத்துவரின் கையும் சொல்லாது. எக்ஸ்ரே இடத்தைக் காட்டும். ஸ்கேன் எந்த உறுப்பு, உள்ளே நீரா சதையா என்று காட்டும். மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தால் நிணநீர்ப் புற்று பல சமயம் பிடிபட்டுவிடும். நீர்க்கொப்புளக் கட்டியிலோ ஊசியில் வெறும் நீர்தான் வரும். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு. ஆகவே "ஸ்கேன் எடுத்தாயிற்று, போதும்" என்பதும் சரியல்ல. அறுவைக்கு வசதியில்லாத வீட்டிலும் இன்ன கட்டி என்று தெரிந்தால், வலி தெரியாமல் வைத்துக் காப்பாற்ற வழி பிறக்கும்.

முலைக்காம்பை ஒட்டிய கட்டி வேறு சங்கதி. பூனைக்கு அங்கே வருவதில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றே. அதில் பொறுத்திருந்து பார்ப்பது ஆபத்து.

யானைக்கவுனிவாசிகளுக்கு வேப்பேரி அதிக தூரமில்லை. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. சிறு விவசாயிக்கு அந்த வசதி ஏது? மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் டாக்டர் என்று கூசாமல், முதலில் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டி, மேல் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மாவட்டத்துக்கு ஓரிடத்தில், வாரத்தில் ஒரு நாளாவது சிறு பிராணிகளுக்கு ஸ்கேன் என்று முன்கூட்டி அறிவித்தால் பஸ் செலவு வீணாகாது. பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை அலைய யாருக்கும் மனம் வராது.

வீட்டில் செய்யக் கூடியது எடை பார்ப்பது. பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, இறக்கிவிட்டு ஒரு முறை எடைக்கருவியில் நின்றால் வித்தியாசம்தான் பூனையின் எடை. நான்கு கிலோ பூனை அரைக் கிலோ குறைவது, 64 கிலோ ஆள் எட்டுக் கிலோ இளைப்பதற்குச் சமம். கட்டியை அழுத்திப் பார்க்கவோ, சூடு போடவோ கூடாது. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பட்டினி போட்டால் சரியாகும் என்பதும் தவறு. சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும். மருத்துவமனைக்குப் போகும்போது மாதாமாதம் எடை குறித்த சீட்டையும், வாந்தி எப்போது தொடங்கியது என்ற கணக்கையும் கொண்டு போவது நல்லது.