கணினி வரட்டும், கணக்கு தமிழில் இருக்கட்டும்!

கணினி வணிகத்தை விழுங்கும், கைத்தொழில் அழியும், தாள் மறையும் என்று குறி சொல்வோர் இன்று பெருகிவிட்டனர். செயற்கை நுண்ணறிவு என்னும் புதுப்பொறி வந்தபின் அக்குரல் இன்னும் ஓங்கியுள்ளது. ஆயின் குறி கேட்டு நடுங்கும் ஊரன்று சிவகாசி.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். வானம் பார்த்த கரிசல் மண்ணில் அத்தொழில் வேரூன்றியது. 1923இலேயே சுவீடன் நாட்டு முதலாளிகள் விம்கோவைத் தோற்றுவித்துப் பெரும்பொறிகளோடு இந்தியச் சந்தையில் இறங்கினர். பொறியின்முன் கை நிற்குமா? நின்றது. உழைப்பும் சிக்கனமும் கைத்தொழிலுக்குக் கிடைத்த வரிச்சலுகையும் துணைநின்றன. சிறார் உழைப்பு என்னும் கறையும் அவ்வெற்றியில் படிந்தது, அதை மறைப்பதற்கில்லை.

1975இல் அமெரிக்கத் தாளிகை பிசினசு வீக் எதிர்கால அலுவலகத்தைப் பற்றி எழுதியது. தாளில்லா அலுவலகம் என்னும் பேச்சு உலகெங்கும் பரவியது. அரை நூற்றாண்டு கழிந்தது. சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டியும் நாட்குறிப்பேடும் இன்றும் அச்சாகின்றன. கல்லச்சு போய் மறுதோன்றி அச்சு வந்தது. ஈயவெழுத்து போய்க் கணினி வந்தது. தொழில் மாறியது, மாயவில்லை.

அங்ஙனமாயின் அஞ்சத்தக்கது எதுவுமே இல்லையா? உண்டு. அது கணக்கேட்டில் உள்ளது.

விருதுநகர் வணிகர் மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் தமிழிலேயே பேரேடு எழுதிவந்தனர். 2017 சூலை முதல்நாள் சரக்கு, சேவை வரி வந்தது. 2023 ஆகசுட்டு முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி உருபாவைக் கடந்த நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு மின்விலைப்பட்டி தரல் வேண்டும் என்றாயிற்று. பேரேடு கணினிக்குள் புகுந்தது. புகும்போதே ஆங்கில உடை உடுத்துக்கொண்டது.

கருவி இன்மையாலா? அன்று! 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. ஒருங்குறியில் தமிழுக்கு இடமுண்டு. தமிழில் கணக்கெழுத இடந்தரும் மென்பொருளும் உண்டு. கேட்பார் இல்லை என்பதே குறை.

புதுப்பொறியோ எழுத்தில் உள்ளதைப் படித்தே கற்கிறது. மணிமருந்து, திரி, சரவெடி பின்னுதல் போன்ற தொழிற்சொற்கள் உழைப்போர் நாவில் வாழ்கின்றன. ஏட்டில் ஏறாத சொல் பொறிக்கு எட்டாது.

இது வெறும் சொற்பற்று அன்று, உயிர்ச்சிக்கல். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கேட்டிற்கு மொழி காரணமன்று. ஆயினும் நாளை மருந்தறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து எச்சரிக்கும் பொறி வரும். அவ்வெச்சரிக்கை, அங்கே திரி செருகும் பெண்ணுக்குப் புரியாத மொழியில் ஒலித்தால் யாருக்குப் பயன்?

எனவே வணிகர் தமிழில் இயங்கும் மென்பொருளையே கேட்டு வாங்குக. பட்டியிலும் பேரேட்டிலும் தமிழ் இடம்பெறுக. நாடெங்கும் நாட்காட்டி அனுப்பும் சிவகாசி அச்சகத்தார், தம் ஊர்த் தொழிற்சொற்களைத் தொகுத்து ஒரு நூலாய் அச்சிடுக. ஆசிரியரும் மாணவரும் அதற்குத் துணைநிற்க.

வாங்குவோன் கேட்கும் மொழியிலேயே விற்போன் பேசுவான். வாய் திறந்து கேட்பதற்குமா தமிழனுக்குத் தயக்கம்?