எண்ணப்படாதோர்

1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், திருப்பூர்த் தெருவில் காவலரின் தடியடிபட்டு வீழ்ந்த குமரன் மறுநாள் உயிர் துறந்தார். கொடியை நழுவவிடாத அக்கைகளை நாடு மறக்கவில்லை. பின்னலாடை நகரில் அவருக்கு நினைவகம் உண்டு. அவர் பெயரையும் இறந்த நாளையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அயலார் ஆட்சியில் கடல் கடந்து மாண்ட பல்லாயிரம் தமிழர்க்கோ பெயரும் நாளும் இல்லை.

மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழரைக் கூலிகளாகக் கொண்டுசென்றது ஆங்கிலேய ஆட்சி. இரண்டாம் உலகப்போரில் மலேயாவைக் கைப்பற்றிய ஜப்பான், அவர்களைச் சயாம், பர்மாக் காடுகளுக்கு இழுத்துச் சென்று இருப்புப்பாதை அமைக்க வைத்தது. 1942இல் தொடங்கிய 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பசியும் காலராவும் மலேரியாவும் அடியும் உயிர்களைக் குடித்தன. அங்கு இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் பேணப்படுகிறது. இறந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது வெறும் மதிப்பீடே. கைதிகள் எண்ணப்பட்டனர், கூலிகள் எண்ணப்படவில்லை.

இப்பாதையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்னும் திரைப்படம். அதன் கதை வெள்ளைப் போர்க்கைதிகளையே சுற்றிச் சுழன்றது. தமிழில் உருவான 'சயாம் பர்மா மரண இரயில் பாதை' ஆவணப்படமோ, எஞ்சியிருந்த முதியோரைத் தேடிச்சென்று பேச வைத்தது. எழுதப்படாத வரலாற்றுக்கு அவர்களின் நினைவே ஏடு. அவர்கள் மறைந்தால் அந்த ஏடும் மறையும்.

இத்தகைய படங்களின் வலிமையை அரசுகள் அறியும். லிபியாவிலும் எத்தியோப்பியாவிலும் இத்தாலி இழைத்த கொடுமைகளைக் காட்டும் ஆவணப்படம் ஒன்றை 1989இல் பிபிசி ஒளிபரப்பியது. இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சி அதன் உரிமையை வாங்கியது, ஆயினும் ஒளிபரப்பவில்லை.

பழைய புண்ணைக் கிளறுவதேன் என்று வினவுவோர் உண்டு. ஆறிய புண்ணைக் கிளறுதல் தவறுதான். இறந்தவர் இன்னார் என்றே அறியப்படாத நிலையில் இப்புண் ஆறியதென எவ்வாறு கூறுவது? மேலும், உழைப்பவரைத் தலைக்கணக்காக மட்டும் கருதும் மனப்போக்கு அயலாராட்சியோடு ஒழிந்துவிடவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோரின் உழைப்பாலும் திருப்பூரின் ஆலைகள் இயங்குகின்றன. அவர்களுள் எத்தனை பேரின் பெயரை ஊர் அறியும்?

மலேயா சென்று மீளாத ஒருவரைப் பற்றிய பேச்சு தமிழகத்துச் சிற்றூர்களில் இன்னும் எஞ்சியிருக்கலாம். மூத்தோர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்ய ஓர் இளைஞனுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். குமரனுக்குக் கல் நாட்டிய மண், எண்ணப்படாதோர்க்கும் அந்த ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும்.