சூட்டுக்குச் சந்தை பக்கத்துத் தெருதான்

சென்னையில உக்காந்துக்கிட்டு, வீட்டுக்குள்ள சூட்டை எப்படிக் கொண்டு வர்றதுன்னு பதிவு போடற ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன் :-) சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

அனல்மின் நிலையத்துல எரிக்கிற நிலக்கரியோட சக்தியில ஏறக்குறைய 35-லேர்ந்து 40 சதவீதம்தான் கரண்ட்டா மாறுது. மிச்சமெல்லாம் சூடு. புகைபோக்கி வழியா கொஞ்சம், குளிர்விக்கிற தண்ணி வழியா நிறைய வெளியே போயிடுது. எண்ணூர்ல சுடுதண்ணி கழிமுகத்துல கலந்து மீன்வளம் போச்சுன்னு மீனவர்கள் பல வருஷமா சொல்றாங்களே, அந்தச் சூடுதான். காசு குடுத்து எரிச்சு, கடல்ல கொட்டறோம்.

இதே சூட்டைக் குழாய்ல போட்டு வீடுகளுக்கு அனுப்பினா? டென்மார்க்ல அதைத்தான் செய்யறாங்க. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தப்ப அவங்க எரிசக்தியில கிட்டத்தட்ட 90 சதவீதம் எண்ணெயை நம்பி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கார் ஓட்டக் கூடாதுன்னு தடை போடற அளவுக்கு நிலைமை. 1979-ல வெப்ப விநியோகச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. எந்த வட்டாரத்துல எவ்வளவு சூடு தேவை, சுத்துவட்டாரத்துல மின் நிலையம், குப்பை எரிக்கிற ஆலை, தொழிற்சாலைன்னு எங்கெங்க சூடு மிச்சம்னு ஒவ்வொரு நகராட்சியும் கணக்கெடுக்கணும். அப்புறம் இந்தத் தெருக்களுக்கு வெந்நீர்க் குழாய், அந்தத் தெருக்களுக்கு இயற்கை எரிவாயுன்னு வரைபடத்துல கோடு போடணும். இன்னிக்கு அங்க மூணுல ரெண்டு வீடு இந்தப் பொதுக் குழாய்ல குளிர் காயுது.

இதுல குழாயை விட வரைபடம்தான் முக்கியம்னு நான் சொல்வேன். கரண்ட்டை ஆயிரம் கிலோமீட்டர் அனுப்பலாம். சூட்டை முடியாது. நல்லா உறை போட்ட குழாயிலயும் போற வழியில கொஞ்சம் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால விக்கறவனும் வாங்கறவனும் பக்கத்துல இருந்தாத்தான் வியாபாரம் கட்டும். அடுக்குமாடிகள் நெருக்கமா இருக்கிற இடம்னா ஒவ்வொரு மீட்டர் குழாய்க்கும் வாடிக்கை அதிகம். தனித்தனிப் பண்ணை வீடுன்னா போட்ட காசு தேறாது.

இடம் பொருந்தினா மட்டும் போதாது, காலமும் பொருந்தணும். சூடு ஜூலையில மிச்சம், ஜனவரியில பஞ்சம். வோயன்ஸ்ங்கற சின்ன ஊர்ல இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க. சுமார் 2 லட்சம் கன மீட்டர் தண்ணி பிடிக்கிற பள்ளம் தோண்டி, மேல மூடி போட்டு, கோடை வெயில்ல சூடாக்கின தண்ணியைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறாங்க. நாம மழைத்தண்ணிக்கு ஏரி வெட்டின மாதிரி, அவங்க வெயிலுக்கு ஏரி வெட்டியிருக்காங்க!

சரி, இப்ப சண்டைக்கு வர்றேன். இந்தத் திட்டத்துல கட்டாயம் இருந்துச்சு. உங்க தெருவுக்குக் குழாய் வந்தா நீங்க சேர்ந்தே ஆகணும்னு நகராட்சி உத்தரவு போடலாம். ‘என் வீட்டை எப்படிச் சூடாக்கணும்னு நீ யார் சொல்ல?’ன்னு கேட்டவங்க உண்டு. நியாயமான கேள்விதான். ஒரே கம்பெனி, வேற கடைக்குப் போக முடியாது. கட்டணமும் ஊருக்கு ஊர் நிறைய வித்தியாசப்படும்.

இருந்தும் நான் கட்டாயத்தின் பக்கம்தான். காரணம், பாதித் தெரு சேர்ந்து பாதித் தெரு ஒதுங்கினா குழாய்ச் செலவு சேர்ந்தவன் தலையில விடியும். அப்புறம் அவனும் கழண்டுக்குவான். கட்டாயத்துக்கு ஈடா சட்டம் இன்னொண்ணும் சொல்லுது: சூடு விக்கிறதுல லாபம் பாக்கக் கூடாது, ஆகற செலவை மட்டும்தான் வசூலிக்கலாம். இந்த ரெண்டாவது விதி இல்லாம முதல் விதியை மட்டும் யாராவது கொண்டு வந்தா நானே கொடி பிடிப்பேன். 2019-லேர்ந்து புதுசா கட்டாயப்படுத்தற அதிகாரத்தை எடுத்துட்டாங்க. வலைப்பின்னல் வளர்ந்து நின்ன பிறகு எடுத்தது சரி. ஆரம்பத்துலயே எடுத்திருந்தா வளர்ந்தே இருக்காது.

‘சூடு குடுக்கிற ஆலை மூடிட்டா?’ன்னு கேப்பீங்க. எஸ்பியர் துறைமுக நகர்ல நிலக்கரி நிலையத்தை 2024-ல மூடினாங்க. அதுக்குப் பதிலா, கடல் தண்ணியிலேர்ந்து சூடு எடுக்கிற 70 மெகாவாட் ஹீட் பம்ப்பும், மரச்சில்லுக் கொதிகலனும் வந்துச்சு. வீட்டுக்காரங்க ஒரு திருகு கூட மாத்த வேண்டியதில்லை. கரி போய்க் கடல் வந்தாலும் குழாய் அதேதான். ஆனா எரிவாயுக் கோட்டுக்குள்ள விழுந்த வீடுகள் கதை வேற. 2022-ல ரஷ்யா - உக்ரைன் போர் வந்து எரிவாயு விலை ஏறினப்ப நேரா அடி வாங்கினது அவங்கதான். குழாய் எப்ப எங்க தெருவுக்கு வரும்னு நகராட்சியைப் பாத்து உக்காந்திருந்தாங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட கோடு, இன்னிக்கு யார் பில் எவ்வளவுன்னு தீர்மானிக்குது.

நமக்கு வீட்டைச் சூடாக்க வேண்டாம், குளுமைதான் வேணும். ஆனா கணக்கு அதே கணக்கு. குஜராத்தோட கிஃப்ட் சிட்டியில ஒரே இடத்துல தண்ணியைக் குளிர வச்சுப் பல கட்டடங்களுக்குக் குழாய்ல அனுப்பறாங்க. நம்ம ஓ.எம்.ஆர்.ல கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனி ஏசி, எல்லாச் சூடும் நடுத்தெருவுல. புது டேட்டா சென்டர்களும் வரிசையா வருது. யாருக்கு என்ன மிச்சம், யாருக்கு என்ன தேவைன்னு ஒரு வரைபடமாவது போடக் கூடாதா? குழாயை அப்புறம் பாத்துக்கலாம். தெருவெல்லாம் தோண்டறது நமக்கென்ன புதுசா? :-)