"உன்னைச் சேத்துக்க மாட்டேன், போ!"

"ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு என்னங்க தெரியும், அதுங்க பச்ச மண்ணு..." இப்படிச் சொல்றவங்களோட எனக்கு சுத்தமா உடன்பாடு இல்லை.

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, மூணுலேர்ந்து ஏழு வயசு வரையிலான கறுப்பினக் குழந்தைகள் முன்னால வெள்ளை பொம்மைங்களையும் பழுப்பு பொம்மைங்களையும் வெச்சு 'எது நல்ல பொம்மை?'ன்னு கேட்டாங்க. பெரும்பாலான பிள்ளைங்க கை நீட்டினது வெள்ளையை! பச்ச மண்ணுதான், ஆனா அதுல அச்சு பதிஞ்சாச்சு.

சரி, நம்ம டீச்சருங்க என்ன செய்யறாங்க? ஒண்ணு, காதுல விழாத மாதிரி இருந்துடுவாங்க. ரெண்டு, 'சாரி சொல்லு'ன்னு முடிச்சிடுவாங்க. மூணு, ஒதுக்கப்பட்ட பிள்ளையைத் தூக்கி வேற பெஞ்சுல உக்கார வைப்பாங்க. இந்த மூணாவதுதான் ரொம்ப மோசம். 'அவன் பக்கத்துல உக்கார மாட்டேன்'னு சொன்னவன் ஜெயிச்சுட்டான். தப்பே பண்ணாதவன் இடம் மாறிட்டான். மொத்த வகுப்பும் அன்னிக்கு ஒரு பாடம் படிச்சாச்சு.

சிகாகோவில் விவியன் பேலின்னு ஒரு பாலர் வகுப்பு ஆசிரியை இருந்தாங்க. 'விளையாட சேத்துக்க மாட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது'ன்னு வகுப்புக்கே ஒரு விதி போட்டாங்க. சும்மா அதட்டிப் போடலை. இது நியாயமா, நடக்குமான்னு தன் வகுப்புலயும் பெரிய வகுப்புகள்லயும் பிள்ளைங்ககிட்டயே கேட்டு விவாதிச்சுட்டுத்தான் போட்டாங்க. 1992-ல் இதைப் புத்தகமாவும் எழுதினாங்க.

எனக்குப் பிடிச்சது இதுதான். ஒரு பிள்ளையைக் கூண்டுல நிறுத்தாம, வகுப்போட வழக்கத்தையே மாத்தறது.

நம்மூருக்கு வருவோம். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அப்புறம் நீதிபதி சந்துரு குழு அமைச்சாங்க. சாதியைக் காட்டும் கலர் கயிறுக்குத் தடை வேணும்னு 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா கயிறு கைக்கு ஏறறதுக்குப் பல வருஷம் முன்னாடியே 'அவனோட சேராதே' காதுல ஏறிடுதே!

நாப்பது பிள்ளைங்க, ஒத்தை டீச்சர், ஏதாவது கேட்டா ஊர்ப் பெரிய மனுஷங்க சண்டைக்கு வருவாங்க... எல்லாம் புரியுது. வீட்டுல சொல்லிக் கொடுக்கறதை டீச்சரால அழிக்க முடியாதுதான். ஆனா 'இந்த ரூமுக்குள்ள அது செல்லாது'ன்னு சொல்ல முடியும். வாரா வாரம் இடத்தைச் சுத்தி மாத்தி உக்கார வைக்க முடியும். அதுக்குக் காலணா செலவு இல்லை.

பேசாம இருக்கறது நடுநிலை இல்லீங்க. ஆறு வயசுப் பிள்ளைக்கு டீச்சரோட மௌனமும் ஒரு பதில்தான்.